கரண்ட் வைத்த இடத்தில் எலும்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வந்த புற்றுநோய்க் கட்டுரையில் கதிர்வீச்சின் பக்கவிளைவுகள் என்று தோல் கறுப்பது, வயிற்றுப்போக்கு, சோர்வு எல்லாம் இருந்தன. எலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல்தான் எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாரும் தூங்கவில்லை.

அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 முறை கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு) வைத்தார்கள், அப்புறம் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. கட்டி கரைந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவளுக்கு இடுப்பின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. விழவும் இல்லை, வழுக்கவும் இல்லை. பத்து நாளில் படியேற முடியவில்லை. எலும்பு ஸ்கேனில் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. பார்த்த மருத்துவர் “பரவியிருக்கலாம்” என்றார். அக்கா நகைகளை மகள்களுக்குப் பிரித்து எழுதியே வைத்துவிட்டாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது, பரவவில்லை. முதுகுத்தண்டு இடுப்பில் வந்து இறங்கும் எலும்பில் இரண்டு பக்கமும் மயிரிழை விரிசல். எலும்பு ஸ்கேனில் இது ஹோண்டா கார் முத்திரையில் இருக்கும் ஆங்கில ‘எச்’ மாதிரி தெரிவதால் ‘ஹோண்டா அடையாளம்’ என்றே இதற்குப் பெயராம். பெயர் வைக்கிற அளவுக்குப் பழகிய விஷயம், நோயாளிக்கு மட்டும் புதுசு.

எலும்பைக் கட்டும் செல்களும் அங்கே ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கதிர்பட்டு மெல்லக் குறைந்துவிடுவதால், அன்றாடத் தேய்மானத்தைச் சரிசெய்ய ஆளில்லாமல் போகிறது. சினைப்பையும் செயலிழந்து மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிட்டால் எலும்பு இன்னும் மெலியும். மஜ்ஜை கதையும் இதுதான். பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜையில் பாதியளவு இடுப்பிலும் கீழ்முதுகிலும்தான் இருக்கிறது. கதிர்பட்ட இடத்தில் அது கொழுப்பாக மாறுகிறது. கதிரின் அளவு கூடினால் பழையபடி திரும்புவதே இல்லை. அக்காவின் வெள்ளையணு எண்ணிக்கை இன்றும் தாழ்ந்தே நிற்கிறது.

கரண்டைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அக்கா இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் நாலு வரி சேர்த்தால் போதும்: எந்த இடத்தில் எவ்வளவு கதிர், எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது, வைட்டமின் டி பார்க்க வேண்டுமா, இடுப்பு வலித்தால் யாரிடம் போவது. தாடையில் கரண்ட் வைத்தவர்கள் எத்தனை வருடம் ஆனாலும் பல் பிடுங்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடையெலும்பே அழுகக்கூடும்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இதை எழுதச் சொல்லுங்கள். அக்கா கால்சியம் மாத்திரையோடு இப்போது மறுபடி படியேறுகிறாள். குடத்தை மட்டும் நான் தூக்குகிறேன்.

ஒரு வாசகி,
மன்னார்குடி