விழுக்காட்டைப் பேசுவதற்கு முன் வருவாய்க் கணக்கைத் திறந்து வையுங்கள்: இந்தியக் கால்பந்தை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர், செயற்குழு உறுப்பினர்கள் மற்றும் இந்தியன் சூப்பர் லீக் அணிகளின் உரிமையாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் மாவட்டத்தில் தொழில்முறைக் கால்பந்து அணி ஏதும் இல்லை. லீக் ஆட்டத்தை நேரில் பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஓசூர் வழியாகப் பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்குத்தான் போய்வருகிறார்கள். அணியும் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, லீகின் வருவாயில் வீரர்களுக்கும் பங்கு தருவதில் என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். பந்தாட்டத்தை நம்பி, ஓசூர் சிப்காட்டில் கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அவன் பெற்றோருக்கும் அந்தத் தொழிலின் நிலவரத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இருக்கிறது. இன்றைய நிலையில், நம்பிச் சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.

2010-இல் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்ற கணக்கில் தன் வணிக உரிமைகளை ஒரே தரப்பிடம் ஒப்படைத்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. அந்த ஒப்பந்தம் முடியப்போகும் வேளையில், 2025 ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சில அணிகள் வீரர்களின் ஊதியத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தன. வணிக உரிமைக்கான ஏல அழைப்புக்கு நவம்பரில் ஒருவரும் முன்வரவில்லை. 2026 ஜனவரியில்தான், பிப்ரவரி 14 முதல் 14 அணிகளோடு சுருக்கிய பருவம் நடக்கும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். இத்தனை மாதங்களாக லீகின் எதிர்காலம் பற்றி நடந்த பேச்சுகளில் கூட்டமைப்பு இருந்தது, அணி உரிமையாளர்கள் இருந்தார்கள், நீதிமன்றமும் இருந்தது. ஆடுகிறவர்கள் வேண்டுகோள் விடுப்பவர்களாக மட்டுமே இருந்தார்கள். பணம் எப்படி வருகிறது, எப்படிப் பிரிகிறது என்ற கணக்கில் வீரர்களுக்கு உரிமையுள்ள இடம் ஒருபோதும் தரப்படாததன் விளைவாகவே இதைக் காண்கிறேன்.

தாங்கள் வகுக்கப்போகும் நெடுங்கால ஏற்பாட்டில் வீரர்களுக்கான வருவாய்ப் பங்கு எழுத்தில் இடம்பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. அது எத்தனை விழுக்காடு என்று நான் சொல்ல வரவில்லை. விழுக்காட்டுக்கு முன் தீர்க்க வேண்டியவை இரண்டு: எவையெல்லாம் வருவாய், அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவை. இவ்விரண்டையும் தீர்க்காமல் எழுதப்படும் எந்த விழுக்காடும் வெறும் எண்ணாகவே நிற்கும்.

அமெரிக்கக் கால்பந்து எனப்படும் ஆட்டத்தின் என்.எஃப்.எல். லீக் இதற்குத் தக்க சான்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டம் வேறு, நம் ஆட்டம் வேறு என்பது உண்மைதான். ஆனால் உரிமையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அங்கும் இங்கும் ஒன்றே. 1982-இல் அங்குள்ள வீரர்கள் மொத்த வருவாயில் 55 விழுக்காடு கேட்டு 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்ட பங்கு கிடைக்கவில்லை. 1987-இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது, உரிமையாளர்கள் மாற்று ஆட்களைக் களமிறக்கிப் போட்டிகளை நடத்தினார்கள். வழக்குகள் தொடர்ந்தன. 1993-இல்தான் வீரர்களின் பங்கை வருவாயோடு இணைக்கும் உடன்படிக்கை உருவாயிற்று.

அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. காரணம், வருவாய் எது என்ற கேள்வி. 2011-க்கு முந்தைய ஏற்பாட்டில், ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் வருவாயிலிருந்து உரிமையாளர்கள் செலவுக்கென்று முதலில் ஏறத்தாழ 100 கோடி டாலரை எடுத்துக்கொண்டு, மீதியில் சுமார் 60 விழுக்காட்டை வீரர்களுக்குக் கொடுத்தார்கள். மேலும் ஏறத்தாழ அதே அளவு தொகையை முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும், செலவு கூடிவிட்டது என்றார்கள். அப்படியானால் ஒவ்வோர் அணியின் பத்தாண்டுத் தணிக்கைக் கணக்கையும் காட்டுங்கள் என்று வீரர் சங்கம் கேட்டது. கேட்டபடி காட்ட உரிமையாளர்கள் இசையவில்லை. 2011 மார்ச்சில், வீரர்களை உள்ளே விடாத உரிமையாளர்களின் கதவடைப்பு தொடங்கி ஜூலை இறுதி வரை நீடித்தது. முடிவில் ஏற்பட்ட பத்தாண்டு ஒப்பந்தம் 'எல்லா வருவாயும்' என்ற அடிப்படைக்கு மாறியது. தேசிய ஒளிபரப்பு வருவாயில் 55 விழுக்காடு, லீகின் பொது வணிக வருவாயில் 45 விழுக்காடு, அணிகள் உள்ளூரில் ஈட்டும் வருவாயில் 40 விழுக்காடு என்று இனம் பிரித்து எழுதினார்கள். பத்தாண்டுச் சராசரி 47 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்ற உறுதியும் சேர்ந்தது. 2020-இல் புதுப்பித்தபோது அந்தப் பங்கு 48 விழுக்காடானது. அந்த ஒப்பந்தத்தை வீரர்களே வாக்களித்து ஏற்றார்கள்: 1,019 பேர் ஆதரவு, 959 பேர் எதிர்ப்பு. அவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பாக இருந்தும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தியது. தம் பங்கைத் தாமே தீர்மானித்தோம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

60 விழுக்காட்டிலிருந்து 47-க்கு இறங்கியது தோல்விதானே என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கரும்பு விவசாயி பதில் சொல்வார். இங்கே வருவாய்ப் பங்கீடு என்பது புதிய சொல் அன்று. 2012-இல் ரங்கராஜன் குழு, ஆலையின் சர்க்கரை விற்பனை விலையை மட்டும் கணக்கில் எடுத்தால் விவசாயிக்கு 75 விழுக்காடு, மொலாசஸ், சக்கை போன்ற உபபொருட்களையும் சேர்த்தால் 70 விழுக்காடு என்று பரிந்துரைத்தது. 75 பெரிதா 70 பெரிதா என்பதை, எவை கணக்கில் சேர்ந்தன என்று பார்க்காமல் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2017-18 அரைவைப் பருவத்திலிருந்து மாநில அரசின் பரிந்துரை விலை போய், வருவாய்ப் பங்கீட்டு முறை வந்தது. விவசாயிகள் சங்கங்கள் அதை எதிர்த்தன. ஆலை சொல்லும் பிழிதிறனையும் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காடு) விற்பனைக் கணக்கையும் கரும்பு கொடுத்தவர் சரிபார்க்க முடியாத நிலையில், பங்கு என்ற சொல்லால் அவருக்கு ஆவது என்ன? ஆனாலும் அந்த முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. மத்திய அரசு அறிவிக்கும் ஆதார விலைக்குக் கீழே விலை இறங்காது. 2025-26 பருவத்துக்கு அது 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டால் 355 ரூபாய். வருவாய் கூடினால் பங்கு கூடும், குறைந்தால் ஆதார விலை நிற்கும். தரையும் பங்கும் சேர்ந்த இந்த அமைப்பைத்தான் கால்பந்து வீரர்களுக்கும் கேட்கிறேன்.

எங்கள் அணிகள் ஆண்டுதோறும் நட்டத்தில் நடக்கின்றன, எதைப் பங்கிடுவது என்று உரிமையாளர்கள் சொல்வீர்கள். அந்த நட்டத்தை நான் மறுக்கவில்லை. பத்தாண்டுக்கும் மேலாகச் சொந்தப் பணத்தைப் போட்டு அணி நடத்தியவர்கள் இல்லாவிட்டால் இந்த லீகே இல்லை என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருவாய்ப் பங்கு வேறு, லாபப் பங்கு வேறு. வருவாய் சிறியதாக இருந்தால் பங்கும் சிறியதாகவே இருக்கும். அதனால் உரிமையாளருக்குப் புதிய சுமை ஏறாது. மாறாக, உண்மையான வருவாயைத் தெரிந்துகொண்ட வீரர் தாங்க முடியாத ஊதியத்தைக் கேட்கவும் தயங்குவார். கணக்குத் தெரியாத வீரரிடம் பாதிப் பருவத்தில் போய் ஊதியத்தைக் குறைத்துக்கொள் என்றால் அவர் எதை நம்பிக் குறைத்துக்கொள்வார்? உரிமையாளரின் இன்னொரு நிறுவனமே அணிச் சட்டையில் விளம்பரம் செய்யும்போது, அந்த விளம்பரத்துக்கு வெளிச்சந்தையில் என்ன விலை கிடைக்குமோ அந்த விலையே வருவாயாகக் கணக்கில் ஏற வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால், பணம் பெருகும் காலத்தில் வருவாய் வேறு பைக்குப் போய்விடும்.

பணம் பெருகிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பிழையான யோசனை என்பதைக் கிரிக்கெட் காட்டுகிறது. ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுச் சராசரி 9,600 கோடிக்கு மேல். 2025 பருவத்தில் வீரர்களை எடுக்கப் பத்து அணிகளுக்கும் அனுமதிக்கப்பட்ட ஏலத் தொகை மொத்தம் 1,200 கோடி. ஆட்டக் கட்டணத்தைச் சேர்த்தாலும் ஒளிபரப்புப் பணத்தில் மட்டும் ஆறில் ஒரு பங்கை அது எட்டவில்லை. அங்கே வீரர்களுக்குப் போராடத் தேவையில்லாத அளவு பணம் இருக்கிறது, கால்பந்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1990-களின் இறுதியிலிருந்து இருந்த வருவாய்ப் பங்கை வாரியம் மாற்ற முயன்றபோது, 2017 ஜூலையில் ஏறத்தாழ 230 கிரிக்கெட் வீரர், வீராங்கனைகள் ஒப்பந்தமின்றி நின்றார்கள். ஆகஸ்டில் வாரியம் இறங்கி வந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்ததும் அப்போதுதான். இந்திய மகளிர் லீகை 2019-இல் மதுரை சேது அணி வென்றதைப் பார்த்தவன் என்ற முறையில், எந்தப் பங்கீட்டிலும் மகளிர் ஆட்டம் பிற்சேர்க்கையாக நிற்கக்கூடாது என்று வேண்டுகிறேன்.

ஊதிய உச்சவரம்பைப் பற்றியும் ஒரு சொல். செலவைக் கட்டுக்குள் வைக்க வரம்பு தேவைதான். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும், தன் போட்டிகளில் ஆடும் அணிகள் ஊதியம், வீரர் பரிமாற்றம், முகவர் கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து வருவாயில் 70 விழுக்காட்டுக்கு மேல் செலவிடக்கூடாது என்று விதித்திருக்கிறது. ஆனால் அமெரிக்க லீகில் வரம்பு வருவாயிலிருந்து பிறக்கிறது. அதோடு, வரம்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டையாவது அணிகள் சில ஆண்டுகளின் மொத்தக் கணக்கில் செலவழித்தே ஆக வேண்டும். மேலே கூரை மட்டும் போட்டுக் கீழே தரை போடாத ஏற்பாடு உரிமையாளரை மட்டுமே காக்கும்.

எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று உண்டு. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒரு வீரர் நாடு விட்டு நாடு பரிமாறப்படும்போது, பரிமாற்றத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த மன்றங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். வருவாய் ஆட்டக்காரனை உருவாக்கிய இடம் வரைக்கும் போக வேண்டும் என்ற நியாயத்தை உலகக் கூட்டமைப்பே ஏற்றிருக்கிறது. ஆனால் பென்னாகரத்திலோ அரூரிலோ பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் குழுவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பிள்ளை பெங்களூருக்கோ சென்னைக்கோ அகாடமிக்குப் போன நாளிலிருந்துதான் அவன் கால்பந்து வாழ்க்கை தொடங்கியதாக ஏடு சொல்கிறது. உள்நாட்டுப் பரிமாற்றங்களிலும் ஒரு சிறு பங்கு பயிற்றுவித்த குழுக்களுக்கு வரும்படி விதி செய்யுங்கள். மாவட்டச் சங்கங்கள் வழியாகக் கட்டணமின்றி அக்குழுக்களைப் பதிவு செய்யுங்கள். வரும் தொகை சிறியதாக இருந்தாலும் பந்துக்கும் வலைக்கும் ஆகும்.

ஆகவே புதிய வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்தைப் பேச்சு மேசையில் ஒரு தரப்பாக அமர்த்துங்கள். வருவாய் இனங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எழுதுங்கள். லீகின் கணக்கையும் ஒவ்வோர் அணியின் கணக்கையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தணிக்கையாளர் ஆண்டுதோறும் பார்த்து அறிக்கை தர வழி செய்யுங்கள். லீக் நின்றாலும் நிற்காத குறைந்தபட்ச ஊதியத்தையும், காயம்பட்டவருக்கான மருத்துவச் செலவையும், அணிகள் முன்கூட்டியே கட்டும் வைப்புத் தொகையிலிருந்து உறுதி செய்யுங்கள். இவை எழுத்தில் வந்த பிறகு விழுக்காட்டைப் பேசலாம். அது முதல் ஆண்டில் முப்பதாக இருந்தாலும் குறையில்லை. ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்கு முன்பே பொதுவில் வெளியிட்டு, வீரர்களும் மாவட்டச் சங்கங்களும் கருத்துச் சொல்ல ஒரு மாத அவகாசம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.