பிள்ளைகளின் மனக்கலக்கத்தைத் தமிழில் கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மாலை வேளைகளில் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கெட்டிக்காரி, நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்துவைத்து ஒரு வரிகூட எழுதாமல் உட்காரத் தொடங்கினாள். கட்டட வேலைக்காகத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குடிவந்த அவளுடைய தாயாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. இருவரையும் எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் பொறுமையானவர். அவர் கன்னடத்தில் கேட்டதை மகள்தான் தாயாருக்குத் தமிழில் சொன்னாள். "வாழப் பிடிக்கவில்லை என்று வீட்டில் எப்போதாவது சொன்னாளா?" என்று அவர் கேட்டபோது, அவள் சற்றுத் தயங்கி, தாயின் பக்கம் திரும்பி, "சாப்பாட்டுல ஏதாச்சும் கொறை இருக்கான்னு கேக்குறாங்கம்மா" என்றாள். "அதெல்லாம் இல்லீங்க" என்றார் தாயார். 'இல்லையாம்' என்று மகள் கன்னடத்தில் திருப்பிச் சொல்ல, மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். எனக்குக் கன்னடம் தெரிந்திருந்ததால் குறுக்கிட முடிந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அம்மா அழுதுவிடுவாரே என்பதுதான் அவள் அச்சம். தன் துயரத்துக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக இருக்கும்படி ஒரு குழந்தையை நாம் விட்டுவைத்திருப்பதே குறை. நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் நோயாளியும் அவருடைய சார்பாளரும் தமக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறிந்துகொள்ள உரிமை உண்டு என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. சிறார்க்குச் சார்பாளர் பெரும்பாலும் பெற்றோரே.

இந்நகரில் உதவிக்குப் பஞ்சமில்லை. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். ஆனால் ஐந்து பேர் ஒரே அறையில் படுத்துறங்கும் வீட்டில், அப்பாவின் கைப்பேசியை வாங்கி ஒரு பிள்ளை என்ன பேசிவிட முடியும்? மருத்துவமனைக்கோ வேலை நாளில்தான் போக வேண்டியிருக்கிறது, போனால் அன்றைய கூலி போய்விடும். நான் சொன்ன அந்தத் தாயார் இரண்டு முறை போனார். மூன்றாம் முறை போகவில்லை.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டது. பள்ளிகள் அதைச் செய்யட்டும். அதோடு, அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் போன்ற, தமிழர் நிறைந்த பகுதிகளிலுள்ள சங்கங்களும் கோயில் மண்டபங்களும் தேவாலயங்களும் ஞாயிறுதோறும் ஓர் அறையை இதற்கென ஒதுக்கினால், உளவியலும் மனநல சமூகப்பணியும் படித்த தமிழறிந்த இளைஞர்களை அங்கே அமர்த்தலாம். மருத்துவமனைக்கு உடன் சென்று மொழிபெயர்க்கவும் சிலரைப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்கள் கேட்டதைக் கேட்டபடி சொல்பவர்களாக, கேட்டதை வெளியில் சொல்லாதவர்களாக இருக்க வேண்டும். உறவினரோ அதே தெருக்காரரோ கூடவே கூடாது. தெருவில் ஒருவர் காதில் விழுந்தால் 'நிம்ஹான்ஸ் கேஸ்' என்ற பெயர் அந்தப் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும், கலியாணப் பேச்சு வரையில் அது பின்தொடரும். தொடக்க விழா, பொன்னாடை எதுவும் வேண்டாம். வாசலில் 'மனநலம்' என்று பலகைகூட வேண்டாம், 'மாணவர் வழிகாட்டல்' என்றிருந்தால் போதும்.

நான் பாடம் நடத்தும் அறை ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும் காலியாகவே இருக்கிறது. பொறுப்பேற்க முன்வரும் அமைப்புக்கு அதன் சாவியை வாடகையின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.