காட்டை நடந்து பார்த்தபின் வாடகை பேசு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ சொன்ன கணக்கு ராத்திரி முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டெக்சஸில் டிராக்டரை வாடகைக்கு ஓட்டி ஒருவர் காட்டில் புல்லும் புதரும் வெட்டிக் கொடுத்தாயே, அந்தக் கணக்கு: நாற்பது ஏக்கர், ஏக்கருக்கு 40 டாலர், மொத்தம் 1,600. ரெண்டு நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டு ஐந்து நாள் ஓட்டியிருக்கிறாய். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் தங்கை படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள்.

அந்த ரெண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்தேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டுகிற உன் ஷ்ரெடர் ஆறடி அகலம். ஒவ்வொரு சாலிலும் போன சாலின் மேல் ஓர் அடியாவது ஏறித்தான் வரவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மீசை மாதிரி புல் நிற்கும். ஆக, உனக்குக் கிடைப்பது ஐந்தடிதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்தால் வகுத்தால் 8,712 அடி, அதாவது ஒன்றரை மைலுக்கும் மேல். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் போனால் 33 நிமிடம். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்து 40 நிமிடம் என்று வை. நாற்பது ஏக்கருக்கு 26 மணி 40 நிமிடம் ஆகிறது. அதுவும் வெறும் புல் நிற்கிற, மேடுபள்ளம் இல்லாத காட்டுக்கு. விளம்பரத் தாளில் மணிக்கு மூன்று ஏக்கர் என்று போட்டிருந்ததை நீ நம்பிவிட்டாய். அந்தத் தாளை அச்சடித்தவன் வேலமுள்ளைப் பார்த்திருக்க மாட்டான்.

இப்போது கைக்கு வந்த காசு. மீட்டரில் 38 மணி ஓடியது என்றாய். மணிக்கு ரெண்டு கேலன் டீசல் என்றால் 76 கேலன், சுமார் 270 டாலர். முன் டயர் 180. வெட்டுக் கத்தி ஒரு ஜோடி 120. டிரெய்லர் இழுத்துப் போய்வந்த பிக்கப்புக்கு 90. மிச்சம் 940. இதோடு நிறுத்திவிட்டு "தொள்ளாயிரம் நின்னுதுப்பா" என்கிறாய். டிராக்டர் தேய்ந்ததே, அதை யார் கொடுப்பார்கள்? 32,000 டாலருக்கு வாங்கிய வண்டி நாலாயிரம் மணி உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், சாவி திருப்பி ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் எட்டு டாலர் கரைகிறது. 38 மணிக்கு 304. மிச்சம் 636. நீ வண்டி ஏற்றி இறக்கினது, டயர் மாற்றினது, கத்தி தேடி அலைந்தது என்று இன்னொரு இருபது மணி. மணிக்குப் பதினொரு டாலர் விழுகிறது. ஐந்து நாள் வெயிலில் வெந்ததற்கு!

தப்பு உன்மேல் மட்டும் இல்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிற எல்லோரும் ஒருதரம் விழுகிற குழிதான். 2004-ல், ரெண்டு மூன்று வருடப் பஞ்சம் முடிந்து மழை பெய்ததும், எல்லோரும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேடினார்கள். அப்போது என்னிடம் மாஸி 1035. தாராபுரம் பக்கம் ஒருவர் வந்து, பன்னிரண்டு ஏக்கர் உழவேண்டும், ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்ளலாம் என்றார். ரோட்டில் இருந்தபடியே பார்த்தேன். பச்சையாக, தலைவாரினது மாதிரி கொழுக்கட்டைப்புல். சரி என்றுவிட்டேன். உள்ளே இறக்கிய பிறகுதான் தெரிந்தது, புல்லுக்கு அடியில் முழுக்கப் பாறைத் துண்டு. ஒரு மூலையில் பழைய கிளுவை வேலியின் அடிக்கட்டைகள். இன்னொரு மூலையில் யாரோ விட்டுப்போன போர்வெல் குழாய், தரைக்கு மேல் ஒரு சாண். கொழு ரெண்டு போச்சு, கலப்பைச் சட்டம் வளைந்தது. கூடக் கேட்டால், "பேச்சுன்னா பேச்சுதானுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நடந்து பார்க்காதது நான். டீசல் பங்கில் கடன் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு உனக்குப் பரீட்சை. வீட்டில் இதைப் பேசவில்லை.

போன வருடம் நான் அங்கே வந்திருந்தபோது பிளெசன்டன் தாண்டி அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போனாயே, இறங்கின உடனே எனக்குக் காங்கேயத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நம் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், நிற்கிற அதே கொழுக்கட்டைப்புல். அங்கே பஃபல் கிராஸ் என்கிறார்கள், மாட்டுக்காகக் கொண்டுவந்து விதைத்தார்களாம். மெஸ்கீட் என்று நீ காட்டியது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. வேலியோரம் சப்பாத்திக்கள்ளி. ஆனால் சீமைக்கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் அந்தக் கண்டத்திலிருந்து இங்கே வந்தவை. புல்தான் கடலின் இந்தப் பக்கத்திலிருந்து, ஆப்பிரிக்காவிலிருந்து, அங்கே போனது. ஆகவே உன் காட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. முள் டயரில் ஏறும் விதம் ரெண்டு ஊரிலும் ஒன்றுதான்.

விலை கேட்டு யாராவது போன் செய்தால், போனில் ஒரு தொகையும் சொல்லாதே. "வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல். போய், காட்டை நடந்து பார். பிக்கப்பில் சுற்றிவருவது நடந்து பார்ப்பது ஆகாது. கையில் ஒரு கோல், காலில் பாம்புக்கு அஞ்சாத பூட்ஸ். கோலை முன்னால் தட்டிக்கொண்டே போனால் கம்பி இருந்தால் கோலுக்குத் தெரியும். சாய்ந்த இரும்புக் கம்பம், பன்றி கிளறின குழி, எறும்புப் புற்று, அந்தப் பக்கம் எண்ணெய்க் குழாய் போகிற இடத்தில் நட்டிருக்கிற அடையாளக் கம்பு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிவிடு. முள்ளுத் தண்டைக் கையால் பிடித்துப் பார். உன் ஷ்ரெடர் கட்டைவிரல் பருமன் வரைக்கும்தான் தாங்கும். மணிக்கட்டுப் பருமன் நிறைய இருந்தால் அது உன் வேலை இல்லை, பெரிய மிஷின் வைத்திருப்பவன் வேலை. சொல்லிவிட்டு வந்துவிடு. கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று கேட்க மறக்காதே. போன வருடம் வெட்டிய காடும் ஐந்து வருடம் கிடந்த காடும் தூரத்திலிருந்து ஒரே பச்சைதான்.

முதல் வெட்டுக்கு மணிக் கணக்கு. இதில் வளையாதே. நிலத்துக்காரருக்குப் பயமாக இருந்தால், "இத்தனை மணியைத் தாண்டும் என்று தோன்றினால் நிறுத்திவிட்டுக் கேட்பேன்" என்று சொல், போதும். ஒருதரம் வெட்டி, எங்கே கல், எங்கே கம்பி என்று உனக்குத் தெரிந்த பிறகு, அடுத்த வெட்டுக்கு ஏக்கர் கணக்கு பேசலாம். அப்போது கொஞ்சம் குறைத்தும் கொடுக்கலாம், ஏனென்றால் வேலை உண்மையிலேயே லேசு. வருடம் ரெண்டு வெட்டு என்று எழுதிக் கொடுக்கிறவருக்கு இன்னும் குறை. நானும் இங்கே அப்படித்தான் பத்துப் பதினைந்து தோட்டம் பிடித்து வைத்திருந்தேன்.

மணி என்றால் எந்த மணி என்பதையும் முதலிலேயே பேசிவிடு. வண்டி மீட்டரா, கைக்கடிகாரமா? இங்கே இதிலேயே அடிதடி நடந்திருக்கிறது. மீட்டர் வைத்துக்கொண்டால் சண்டை குறைவு. ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடு. உன் பெல்ட் அறுந்தால், போல்ட் தேய்ந்து போனால், அது உன் நேரம். அவர் காட்டில் கிடந்த முள்கம்பி கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டு, நீ கீழே படுத்து ஒரு மணி நேரம் கட்டிங் பிளேயரால் நறுக்கினால், அது அவர் நேரம். அன்றைக்கு ஒரு பந்தளவு கம்பியை உருவிப்போட்டாயே, அதற்கு ஒரு டாலர் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசை உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சின்ன வேலைக்கும் ஒரு அடிமட்டத் தொகை வை. ரெண்டு ஏக்கர் வெட்டப் போனாலும் டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டு, போய் இறக்கி, திரும்ப ஏற்றி வர ரெண்டு மணி ஆகிறது. நான் அரை மணி உழவுக்கும் ஒரு மணி வாடகை வாங்கிக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் வருடாவருடம் போடுகிற வாடகை வேலைக் கட்டணப் பட்டியலைக் காட்டினாய். நல்ல விஷயம், நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் பாதிச் சண்டை தீரும். ஆனால் அது மக்காச்சோளம் விளைகிற மண்ணுக்கு எழுதின விலை. மெஸ்கீட் முள்ளுக்கு அதை அப்படியே சொன்னால் டயர்க் கடைக்காரர்தான் பிழைப்பார்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீயே சொல்லிவிட்டாய். கட்டு, அந்தக் காசையும் மணிக் கணக்கில் ஏற்று. போன வருடம் அங்கே டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வருகிறேன் என்றபோது நீ என்னைக் கிட்டேயே விடவில்லை, தூரத்து மரத்தடிக்கு அனுப்பிவிட்டாய். அப்போது கோபம்தான். அப்புறம் ஒரு கல் தெறித்து வேலிக் கம்பத்தில் "டங்"கென்று அடித்ததைக் கேட்டேன். அதே கல் ரோட்டில் போகிற கார்க் கண்ணாடியில் பட்டிருந்தால், 1,600 டாலர் எந்த மூலைக்கு? ஆகஸ்டு மாதம் புல் காய்ந்து கிடக்கும்போது கத்தி கல்லில் பட்டுப் பொறி பறக்கும். அந்த நாளில் எவ்வளவு கொடுத்தாலும் போகாதே. மற்ற நாளிலும் பிக்கப்பில் ரெண்டு கேன் தண்ணீர் இருக்கட்டும்.

இவ்வளவும் திட்டுகிற மாதிரி இருக்கிறது. அன்றைக்கு நீ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு புதரைச் சுற்றி நாடா கட்டினாயே, நான் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்டதற்குக் காடைக் கூடு என்றாய். அதை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டினாய், பத்து நிமிடம் போச்சு. உன் தாத்தா கொரங்காட்டில் கௌதாரிக் கூட்டைக் கண்டால் அந்தப் பக்கம் ஆட்டை விடமாட்டார். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதே.

அறுபது ஏக்கர் ஒன்று வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகிறேன் என்றாயே. விலை சொல்வதற்கு முன்னால் எனக்குப் போட்டோ அனுப்பு. வெறும் காட்டை எடுத்தால் புல் உயரம் தெரியாது. புல்லுக்குள் நீ நின்றுகொண்டு யாரையாவது எடுக்கச் சொல். முழங்காலா, இடுப்பா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவும் பார்ப்பாள்.

அன்புடன்,
அப்பா