முதலில் அந்த டிஎம்இசட்டை அணைத்துவிடு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் நலமும் அதுவே ஆகுக. என்னிடமிருந்து இவ்வளவு விரைவாகப் பதில் வருவதைக் கண்டு நீ திகைப்பாய் என்று தெரியும். என் மௌனத்தைக் கண்டித்து நீ எழுதியிருக்கும் இரண்டு பத்திகளுக்கும் தனிக் கடிதம் வரும். இன்று நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீ சொல்லியிருந்த ஒரு செய்தி. சிம் போட்டால் வைஃபை தரும் கையடக்க ஹாட்ஸ்பாட் பெட்டி ஒன்று வாங்கி, அதில் கேமராவை இணைத்து, வெளியிலிருந்து பார்த்தால் படம் வரவில்லை என்றதும், நம் பேராசிரியரின் ஆலோசனைப்படி வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வார்டிங், யூபிஎன்பி, டிஎம்இசட் மூன்றையும் இயக்கியிருக்கிறாய். அப்போதும் படம் வராததால், இன்னும் எதையாவது திறக்க வேண்டுமா என்று என்னைக் கேட்கிறாய்.

பேராசிரியர் யோசனை சொன்னார் என்ற வரியைப் படித்ததுமே பாதிக் கதை விளங்கிவிட்டது. சைக்கிள் செயினுக்கு அவர் பார்த்த வைத்தியத்தை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன், கருவியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் அந்த மூன்றையும் அணைத்துவிட்டு வா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அணைத்துவிட்டாயா? அதே பக்கத்தில் 'வேன் ஐபி' என்றோ 'இணைய முகவரி' என்றோ ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள். பிறகு, உன் ஐபி முகவரி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தை உலாவியில் திறந்து, அங்கே தெரியும் ஐபிவி4 எண்ணோடு (புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள்) ஒப்பிட்டுப் பார். இரண்டும் வேறாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கருவியில் தெரியும் எண் 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் இருந்தாலோ, சந்தேகத்துக்கே இடமில்லை: உனக்கென்று பொது முகவரி கிடையாது. ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பங்கிடப்பட்டுவிட்டன. ஆகவே மொபைல் நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரு சில பொது முகவரிகளுக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. அதற்கென்றே 100.64 தொடங்கும் அந்தத் தொகுதி 2012-இல் தனியாக ஒதுக்கப்பட்டது. நீ உள்ளிருந்து வெளியே போகலாம், போனதற்குப் பதில் திரும்பி வரும். ஆனால் வெளியிலிருந்து தானாகக் கிளம்பி வருகிற எதுவும் நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும், உன் பெட்டி வரை வராது. தெருமுனை வாயிற்கதவின் சாவி வேறொருவரிடம் இருக்கும்போது நீ வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருக்கிறாய், அவ்வளவுதான். போர்ட் (இணைப்பு நுழையும் வாசல்) எண்ணை எப்படி மாற்றினாலும் படம் வரப்போவதில்லை.

அப்படியானால் திறந்து கிடப்பதால் என்ன கெடுதல் என்று நீ கேட்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? இங்கேதான் என் கவலை. நாளைக்கே நீ சிம்மை மாற்றினாலோ, பொது முகவரி தருகிற ஏபிஎன்னுக்கு (மொபைல் வலையிலிருந்து இணையத்துக்குப் போகும் வாயில்) மாறினாலோ, அந்த டிஎம்இசட் எந்த அறிவிப்பும் இன்றி உயிர்பெற்றுவிடும். வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளும் நேராக உன் கேமராவின்மேல் போய் விழும். அதை இயக்கியதே அப்போது உனக்கு நினைவிருக்காது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப்பார். இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்து, தயாரிப்பாளர்கள் வைத்தனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளைக் கொண்டு முயன்று, திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற, தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கிப் பல பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கிய படை அதுதான். கேமராக்களின் சொந்தக்காரர்கள் பலருக்கு விஷயமே தெரியாது, அவர்களுடைய படம் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. யூபிஎன்பியும் இதே குடும்பம். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உன்னைக் கேட்காமல் போர்ட் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. வேண்டாம்.

கேமராவைப் பார்க்க வேறு வழிகள் உண்டு. கேமராவே உள்ளிருந்து தன் தயாரிப்பாளரின் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தி, உன் கைபேசிச் செயலியும் அதே சர்வருக்குப் போகுமானால், எந்தப் போர்ட்டும் தேவையில்லை. ஆனால் உன் படம் அந்தத் தயாரிப்பாளரின் வழியே போகிறது என்பதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால், பொது முகவரியுள்ள ஓர் இடத்தில் வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் தனிப் பாதை போடும் ஏற்பாடு) சர்வரை நிறுவி, கேமரா இருக்கும் இடத்திலிருந்து ஒரு சிறு கணினி அந்தச் சர்வருக்கு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும்படி செய்யலாம். எனக்குப் பிடித்தது இதுதான். உனக்குப் பொறுமை இருக்குமா என்பதுதான் கேள்வி. மூன்றாவது வழி, மொபைல் நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்பது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் வணிக இணைப்புகளுக்கே கொடுக்கிறார்கள், அதற்கென்று தனி ஏபிஎன்னும் தருவார்கள்.

நீ கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேமராவைப் பற்றி யோசித்தபோது இதுதான் என்னை உறுத்தியது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா ஓயாமல் படம் அனுப்பினால், மணிக்கு 900 எம்பி ஆகும். ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். எந்த சிம் இதைத் தாங்கும்? படத்தைக் கேமராவின் மெமரி கார்டிலேயே பதியவிட்டு, அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி வை. ஹாட்ஸ்பாட்டின் டேட்டா பக்கத்தில் மாத வரம்பைக் குறிக்கும்போது, உன் திட்டம் புதுப்பிக்கப்படும் தேதியையே தொடக்க நாளாகக் கொடு. பெட்டியின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் அச்சாக ஒத்துப்போகாது, பணம் கேட்பது நிறுவனத்தின் கணக்கு. ஆகவே உண்மையான வரம்பைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே எழுது.

இனி வைஃபை பக்கம். கேமரா ஹாட்ஸ்பாட்டைக் கண்டுகொள்வதற்கே இரண்டு நாள் பிடித்தது என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் அநேகமாக நீ 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்திருந்ததுதான். மலிவான கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். அங்கே சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படாதவை. அக்கம்பக்கத்தில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து ஒன்றைக் குறிப்பிட்டு, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விட்டுவிடு. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது, கேமரா அதை ஏற்கவில்லையென்றால் டபிள்யூபிஏ2–டபிள்யூபிஏ3 கலவையை வை. கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்குமே, அதை அணை. அதன் ரகசிய எண் (PIN) எட்டு இலக்கம் கொண்டது என்றாலும், இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைந்துவிடும். இது 2011 டிசம்பரிலேயே வெளியான செய்தி, இன்றும் பல பெட்டிகளில் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

வைஃபையின் பெயரை மறைத்து வைத்திருப்பதைப் பற்றி நீ பெருமையாகவே எழுதியிருக்கிறாய். நண்பா, மறைந்த பெயரைத் தேடுவதற்காக உன் கைபேசி போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே போகும். மறைவு எங்கே இருக்கிறது? காட்டிவிடு. மேக் முகவரிப் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பட்டியலால் ஆட்களைத் தடுக்கும் வசதியையும் நம்பாதே. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் கைபேசிகள் வைஃபைக்கு ஒரு பொய் மேக் முகவரியையே காட்டுகின்றன. முதலில் தடுக்கப்படுவது உன் மகளின் கைபேசியாகத்தான் இருக்கும்.

கடவுச்சொற்கள் இரண்டு என்பதை மட்டும் கல்லில் எழுதி வைத்துக்கொள். வைஃபையில் சேர்வதற்கு ஒன்று, நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கு மற்றொன்று. முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள். இரண்டாவது பல பெட்டிகளில் 'அட்மின்' என்றே கிடக்கும். வைஃபையில் சேர்ந்த எந்த விருந்தாளியும் 192.168.0.1 என்றோ 192.168.8.1 என்றோ உலாவியில் தட்டி உள்ளே போய்விடலாம். உன் பெட்டியில் ஒரு சிறு திரை இருந்து, பொத்தானை அழுத்தினால் வைஃபை கடவுச்சொல் அதில் பளிச்சென்று வருமானால், அதைக் காட்டாமல் வைக்கும் தேர்வும் அமைப்புகளுக்குள் இருக்கிறதா என்று பார். விருந்தாளிகளுக்குத் தனி வலை இருந்தால் அதைக் கொடு. கேமராவை அதற்குள் போடுவதும் நல்ல யோசனையே. கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பிரித்து வைக்கும் தேர்வை இயக்கினால் மட்டும், பிரிண்டர் காணாமல் போய்விட்டது என்று எனக்கு எழுதாதே.

அலுவலக விபிஎன் இணைந்தும் உள்ளே எதுவும் திறப்பதில்லை என்ற உன் இன்னொரு புலம்பலுக்கும் இங்கேயே மருந்து இருக்கலாம். அலுவலக வலையும் உன் பெட்டியும் ஒரே 192.168.0 வரிசையைப் பயன்படுத்தினால், உன் கணினிக்கு எது வீடு, எது அலுவலகம் என்று தெரியாது. கருவிகளுக்கு உள்முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் பெட்டியின் முகவரியை 192.168.73.1 போல யாரும் வைக்காத ஒன்றாக மாற்று. அடுத்த முறை நிர்வாகப் பக்கத்துக்குப் போக இந்தப் புதிய எண்ணையே தட்ட வேண்டும்.

ஏபிஎன், எம்டியூ (ஒரு பொட்டலத்தில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) இரண்டையும் சிம் மாறாத வரை தொடாதே. தூக்க நேரத்தைத் தொடு. யாரும் இணைந்திராமல் பத்து நிமிடம் போனால் வைஃபையை அணைத்துவிடும் ஏற்பாடு பயணத்தில் பேட்டரிக்கு நல்லது. ஆனால் கேமரா ஒரு கணம் இணைப்பை விட்டுப் பெட்டியும் தூங்கிப்போனால், யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும் வரை இரண்டும் ஒன்றையொன்று காண முடியாது. ஆகவே கேமரா உள்ள இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வை. இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்தால் லித்தியம் அயான் பேட்டரி சீக்கிரம் மூப்படையும், சூடும் சேர்ந்தால் உப்பும். பேட்டரி இல்லாமல் மின்சாரத்தில் மட்டும் ஓடுகிற மாதிரியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி வை. இல்லையென்றால் அவ்வப்போது முதுகைத் தடவிப் பார்.

கடைசியாக, வேகம் குறைவு என்ற புகார். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதே, அவற்றை எப்படி வரைவது என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் இஷ்டம். சாதன விவரப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது –80 டிபிஎம் அருகே இருந்தால் அருமை, –100-க்குக் கீழே பலவீனம், –110-ஐத் தாண்டினால் திண்டாட்டம். பின்னது 20-க்கு மேல் இருந்தால் சிறப்பு, 0 என்றால் இரைச்சலும் சிக்னலும் சரிசமம். என் பெட்டி இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தபோது –112 காட்டியது. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியை மெதுவாக நகர்த்தி, எண் நிலைகொள்ளும் வரை ஒவ்வோர் இடத்திலும் சற்றுப் பொறுத்தேன். ஜன்னல் விளிம்பில் –97. இந்த அளவுகோலில் 15 என்ற வித்தியாசம் சக்தியில் முப்பது மடங்குக்கும் மேல். எந்த அமைப்பை மாற்றியும் அந்த லாபம் கிடைத்திராது. அதன் பிறகுதான் பேண்டைப் பூட்டுவது, அதாவது பெட்டியைக் குறிப்பிட்ட அலைவரிசையோடு கட்டிப்போடுவது பற்றி யோசிக்க வேண்டும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைத் தாண்டி வரும், 2300, 2600 அலைகள் பெரும்பாலும் அதிக டேட்டாவைச் சுமக்கும். பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது 'தானியங்கி'க்குத் திருப்ப மறந்தால், போன இடத்தில் அந்த பேண்ட் இல்லாமல் சிக்னலே இல்லை என்று பெட்டி அழும்.

எல்லாம் சரியாக அமைந்ததும், அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் தேர்வு இருந்தால் சேமித்துக்கொள். ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) புதுப்பிப்பையும் பார்த்துவிடு. பதிலில் அந்த வேன் ஐபியின் முதல் இரண்டு பகுதிகளையும், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்களையும் எழுது. முழுப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பாதே, அதில் ஐஎம்இஐ எண் (கருவியின் தனி அடையாள எண்) இருக்கும். உனக்குப் படங்களை எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிற பழக்கம் உண்டு. வயர்கார்ட் வழியை எடுக்கத் துணிந்தால் சொல், படிப்படியாக எழுதி அனுப்புகிறேன். பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல், பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் சொல்லாதே. வீட்டில் அனைவருக்கும் அன்பு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்