சனிக்கிழமை இரவு நாடகம்

வணக்கம் உறவுகளே. இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) 'தி மேரி டைலர் மூர் ஷோ' முதல் பாகம் போடுகிறோம். 1970 முதல் 1977 வரை அமெரிக்காவில் ஓடிய நகைச்சுவைத் தொடர். மினியாபொலிஸ் நகரத்துச் சின்னத் தொலைக்காட்சி நிலையம், அதன் செய்தி அறை, அங்கே வேலை செய்பவர்கள், அவ்வளவுதான் கதை.

30 வயது மேரி செயலாளர் வேலை கேட்டுப் போகிறார். அதற்கு ஆள் எடுத்தாயிற்று. இணைத் தயாரிப்பாளர் வேலை இருக்கிறது, ஆனால் சம்பளம் வாரத்துக்கு 10 டாலர் குறைவு! அந்த நேர்காணலைப் பார்த்தபோது, தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலைக்குப் போன அன்று என் சான்றிதழ் கவர் வியர்வையில் ஈரமானது ஞாபகம் வந்தது. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

தமிழ் வசனம் கிடையாது, பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன். தேத்தண்ணியும் வடையும் உண்டு. அப்புறம், பெரியவர்களுக்கு நாற்காலி போதாது, இருப்பவர்கள் இரண்டு கொண்டு வாருங்கள்.