கத்திப் பெட்டி வேண்டாம். நல்ல கத்தி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் இல்லப் பக்கத்தில் அண்மையில், புதுமணத் தம்பதியருக்குக் குறைந்த செலவில் வாங்கித் தரத்தக்க அன்பளிப்புகள் என்ற வரிசையில், பத்துப் பன்னிரண்டு கத்திகளை மரத்தாங்கியில் செருகி விற்கும் பெட்டியையும் சேர்த்திருந்தீர்கள். யாங்கோனில் நம்மவர் திருமணங்களுக்கு இந்தப் பெட்டிகள் இப்போது நிறையவே போகின்றன. கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவள் என்ற முறையில், அந்தப் பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை என்பதைத் தெரிவிக்கவும், அதே பணத்துக்கு எதை வாங்கலாம், வாங்கியதை நம் ஊர் மழையில் எப்படிக் காப்பாற்றலாம் என்பதைச் சொல்லவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விலை குறைந்த பெட்டியில் கத்திகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு கத்திக்கும் செலவிடப்படும் உருக்கும் உழைப்பும் குறைந்துகொண்டே போகும். என் உறவினர் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த ஒரு பெட்டியைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் அன்றாடம் புழங்கியவை இரண்டே கத்திகள்தாம். மற்றவை தாங்கியை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளீடற்ற பிடியின் இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பிடியின் வாயில் பழுப்பு நிறத்தில் துரு கசியத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் பூசணிக்காயை அரிந்துகொண்டிருக்கும்போதே அலகு பிடிக்குள் ஆடியது. புழங்காத கத்திகளின் நிலையும் மேலாக இல்லை; தாங்கியின் துளைகளுக்குள் ஈரம் தங்கி, வெளியே தெரியாத பகுதியில் அவையும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருந்தன.

ஒரு குடும்பத்தின் சமையலுக்கு உண்மையில் தேவைப்படுவன இரண்டு கத்திகள். ஒன்று, 18 முதல் 20 சென்டிமீட்டர் அலகுள்ள பெரிய கத்தி. கை சிறியவர்களுக்கு 16 சென்டிமீட்டரே போதும். மற்றொன்று, பூண்டு உரிக்கவும், பழத்தோல் சீவவும், உருளைக்கிழங்கின் கண்களைத் தோண்டவும் உதவும் 8 முதல் 10 சென்டிமீட்டர் சிறு கத்தி. முழு ரொட்டி வாங்கி வீட்டில் துண்டு போடும் பழக்கம் இருந்தால் மட்டும் பல் வைத்த நீளக் கத்தி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அரிவாள்மனையைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. மீன் ஆயவும் தேங்காய் துருவவும் அதற்கு இணை எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் முழங்கால் வலியோடு தரையில் உட்கார முடியாத நம் வீட்டு மூத்தவர்களும், நின்றபடியே சமைத்துப் பழகிய இளையவர்களும் மேடையில் வைத்து நறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நல்ல கத்தி அமைய வேண்டும்.

இனி, உருக்கைப் பற்றி. நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்கை 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கியபோது, அதில் ஏறத்தாழ 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. கத்தி செய்வதற்குப் பேர்போன ஊர் என்பதால், அந்த உருக்கு விரைவிலேயே மேசைக் கத்திகளாக மாறியது. குரோமியம் துருவைத் தடுக்கிறது. கூர் மழுங்காமல் நிற்கும் வலிமையைக் கொடுப்பது கார்பன். விலை குறைந்த கத்திகள் பலவற்றின் அலகில் '3சிஆர்13', '5சிஆர்15' என்பது போன்ற குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் கார்பனையும் பின் எண் குரோமியத்தையும் காட்டுகின்றன. முதலாவதில் கார்பன் ஏறத்தாழ 0.3 விழுக்காடு, இரண்டாவதில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. ஆகவே விலையில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் 5 என்று தொடங்குவதையே எடுப்பது நல்லது. அதன் கூர் கூடுதல் நாள் நிற்கும். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் மட்டும் பொறித்திருந்தால் அது உருக்கின் வகையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

தாய்லாந்தில் செய்யப்படும் கிவி முத்திரைக் கத்தியைப் பலர் மலிவானது என்று ஒதுக்குகிறார்கள். அதன் அலகு மெல்லியது, உருக்கும் மென்மையானது. அதனால் சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மை. ஆனால் மெல்லிய அலகு வெங்காயத்தையும் பீன்ஸையும் நசுக்காமல் அரியும், கல்லில் சில நிமிடம் தேய்த்தால் மீண்டும் கூராகிவிடும். பகட்டான பெட்டி ஒன்றை விட, அந்தக் கத்தியையும் ஒரு சாணைக்கல்லையும் சேர்த்து வாங்குவது எவ்வளவோ மேல் என்பதே என் துணிபு. அதைக் கொண்டு எலும்பையோ பெரிய மீன் தலையையோ வெட்ட மட்டும் கூடாது; கத்தியின் வாய், அதாவது கூர் விளிம்பு, பிளந்துவிடும். அந்த வேலைக்குப் பர்மியர்கள் 'டா' என்று சொல்லும் கனத்த இரும்புக் கத்திதான் ஏற்றது.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் பிடியைப் பாருங்கள். அலகின் உருக்கே பிடியின் கடைசி வரை ஓடி, இரு பக்கமும் கட்டை வைத்து ரிவெட் அடித்திருந்தால் அது நெடுநாள் உழைக்கும். ரிவெட்டுகளின் மேல் விரலை ஓட்டினால் மேடுபள்ளம் தட்டக் கூடாது. கட்டைக்கும் உருக்குக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அதன் வழியே மீன் நீரும் மஞ்சள் நீரும் உள்ளே போய்விடும். கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகும் வாயும் வளைவின்றி இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நறுக்கும் பாங்கில் பலகையின் மேல் வைத்தால் விரல் முட்டிகள் பலகையில் இடிக்காத அளவுக்கு அலகு அகலமாக இருப்பது அவசியம்.

ஷான் மாநிலத்தில் இன்லே ஏரிப் பக்கத்துக் கொல்லர்கள் அடித்துச் செய்யும் இரும்புக் கத்திகளை விரும்புவோரும் நம்மில் உண்டு. நன்றாகத் தீட்டினால் அவற்றின் கூர் பெரும்பாலான எவர்சில்வர் கத்திகளுக்கு வராது. ஆனால் அவற்றில் துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை. புளிப்பும் துவர்ப்பும் பட்டவுடன் நிறம் மாறும். மொகிங்கா என்னும் பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸுக்கு வாழைத்தண்டு அரியும்போது கத்தியும் கறுத்து, தண்டின் வெட்டுவாயும் கறுப்பது எல்லோரும் கண்டதே. தண்டிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் அப்படி நிகழ்கிறது. இரும்புக் கத்தியைப் பயன்படுத்தி வர வர அலகில் படியும் சாம்பல் நிறம் கெடுதலானதன்று, அதைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. செம்பழுப்பாகப் பொடி உதிரும் துருவை மட்டும் உடனே நீக்க வேண்டும். வாழைத்தண்டு, வாழைப்பூ, மாங்காய் ஆகியவற்றுக்கு எவர்சில்வர் கத்தியையே எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே எழாது.

யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மே மாத நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் என்றால் கத்தியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்று எண்ணி ஈரத்தோடு போட்டுவைப்பவர்கள் பலர். அந்த உருக்கின் மேல், குரோமியம் ஆக்சிஜனோடு சேர்வதால் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கிறது, அதுதான் காவல். உப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும், துளைத்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். ஆகவே நப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த பர்மிய மீன்), கருவாடு, உப்புக்கண்டம் ஆகியவற்றை நறுக்கிய கத்தியைத் தொட்டியில் ஊறப்போடாமல், அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்பே கழுவித் துடைத்துவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கத்தியை அமிழ்த்தி வைப்பது கூடவே கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரம் இருக்கும் வீடுகளிலும் கத்தியைக் கையால் கழுவுவதே முறை. இயந்திரத்தின் சூடும் அதில் இடும் சோப்புத்தூளின் காரமும் மரப்பிடியை வெடிக்க வைக்கும், மற்றப் பாத்திரங்களோடு மோதி வாயும் சிதையும்.

துடைப்பதற்கென்று உலர்ந்த பருத்தித் துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் முதுகை விரல்களுக்குள் வைத்து, வாயை வெளிப்பக்கம் பார்க்கவிட்டு, பிடியிலிருந்து நுனி நோக்கித் துடைத்தால் கை கீறாது. இரும்புக் கத்தியாக இருந்தால் இரவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை அலகில் படலமாகத் தடவி வைக்கலாம். கடலையெண்ணெய் நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அது நாளடைவில் பிசுபிசுத்துப் போவதால் நான் பயன்படுத்துவதில்லை. துரு லேசாகத் தொடங்கியிருந்தால் எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தினால் போதும்.

நறுக்கும் பலகைக்கு மரமே சிறந்தது, பிளாஸ்டிக்கும் தாழ்வில்லை. கண்ணாடிப் பலகை, கருங்கல் மேடை, எவர்சில்வர் தட்டு ஆகிய மூன்றும் எவ்வளவு நல்ல கத்தியையும் சில நாட்களில் மழுக்கிவிடும். புளியமரத்தில் வட்டமாக அறுத்த கட்டைகள் இந்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கின்றன. கனமாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் வழுக்காது. நறுக்கியதைச் சட்டிக்குத் தள்ளும்போது கத்தியின் வாயால் கட்டையைச் சுரண்டுவது பலருக்கும் பழகிவிட்டது. கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால், தீட்டிய கூர் இன்னும் பல நாள் நிற்கும்.

சாணை பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தெருவில் வரும் சக்கரச் சாணைக்காரரின் உழைப்பை நான் மதிக்கிறேன். நுனி முறிந்த கத்திக்கும் வாய் பொரிந்த கத்திக்கும் அவர்தாம் வேண்டும். ஆனால் மாதந்தோறும் எல்லாக் கத்திகளையும் உலர்ந்த சக்கரத்தில் கொடுப்பது சரியன்று. பொறி பறக்கும் அந்தச் சூட்டில் இரும்புக் கத்தியின் வாய் 300 பாகை செல்சியஸை நெருங்கினால் நீல நிறம் ஓடும். அந்த இடத்தில் உருக்கின் பதம் இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம், பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அவரிடம் கொடுப்பதானால் அலகை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தீட்டுவதற்கு ஒரு பக்கம் 400 (சொரசொரப்பானது), மறு பக்கம் 1000 (நுண்ணியது) என்று எண்ணிட்ட கல் ஒன்று போதும். கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து, வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்து வைக்க வேண்டும். அலகைக் கல்லின் மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் சற்றுத் தூக்க வேண்டும். 15 முதல் 20 பாகை வரை உள்ள கோணமே வேண்டியது. நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியானால் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரம் மாறாமல், அடியிலிருந்து நுனி வரை கல் முழுவதும் படும்படி தள்ளி இழுக்க வேண்டும். அழுத்தத்தை விட, கோணம் பிசகாமல் இருப்பதுதான் கூரைத் தரும். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும் மறு பக்கத்தின் விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகக் கட்டைவிரலை மெல்ல வெளியே வழித்தால் அது தட்டுப்படும். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டவே கூடாது. பிசிறு எழும் முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதால்தான் பலர் நெடுநேரம் தேய்த்தும் பயன் காண்பதில்லை. மறு பக்கத்தையும் அவ்வாறே செய்து, கடைசியில் அழுத்தமே கொடுக்காமல் இரு பக்கமும் மாறி மாறிச் சில முறை வழித்தால் பிசிறு உதிர்ந்துவிடும். தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்த மாத்திரத்தில் தோல் பிளந்தால் கூர் ஏறிவிட்டது. கல் கிடைக்காத வீட்டில், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டிக்கூட ஓரளவு கூரைத் திரும்பப் பெறலாம்.

கூர்க்கத்தி ஆபத்தானது என்று வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைகளிடம் மழுங்கிய கத்தியைக் கொடுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மழுங்கியது வழுக்கும், அழுத்தி வெட்டச் சொல்லும்; வழுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் விரலில் இறங்கும். அடிக்கடி மின்சாரம் நின்று, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சமைக்க நேரும் இந்நாட்களில் இது சிறிய விஷயமன்று. வெங்காயம் அரியும்போது கண் எரிவதும் கூரான கத்தியால் குறையும். அது வெங்காயத்தின் செல்களை நசுக்காமல் அறுப்பதால் காரம் குறைவாகவே காற்றில் கலக்கிறது. தீட்டிய கத்தியை மற்றக் கரண்டிகளோடு இழுப்பறையில் எறியாமல், தடித்த அட்டையை மடித்து உறைபோலச் செய்து, அலகு நன்றாக உலர்ந்த பின் செருகி வைத்தால் வாயும் கெடாது, தேடும் கையும் அறுபடாது.

ஆகவே, தங்கள் அன்பளிப்பு வரிசையில் கத்திப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பெரிய கத்தி, ஒரு சிறு கத்தி, ஒரு சாணைக்கல் ஆகியவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கோணத்தையும் பிசிறையும் எழுத்தால் மட்டும் விளக்கிவிட முடியாதாகையால், கல்லில் தீட்டும் முறையைப் படங்களோடு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வெளிவரும் ஓர் இதழில் தாங்கள் வெளியிட்டால் நம் வீடுகளுக்குப் பேருதவியாக இருக்கும். படம் எடுப்பதற்கு வேண்டிய கல்லையும் கத்திகளையும் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
யாங்கோன்.