ஞாயிறு ஏற்றம்: கயிறு பற்றி ஒரு வார்த்தை

வணக்கம் மக்களே. பாறை ஏறுவதற்கு ஞாயிறு காலை ஐந்தரைக்கு நாகமலை அடிவாரத்தில் கூடுகிறோம், ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் பாறை தோசைக்கல்தான்.

போன வாரம் ஒரு தம்பி கடைத்தெருவில் வாங்கிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தடிமன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வாளி இறைக்கவும் லாரியில் சரக்குக் கட்டவும் அது போதும், ஆனால் நாம் ஏறும் டைனமிக் கயிறு விழுகிறவரின் எடைக்கு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கடைத்தெருக் கயிறு அந்த அளவுக்கு நீளாது, வெட்டி இழுப்பது முழுக்க இடுப்பில்தான் இறங்கும். கோபமில்லை தம்பி, குழுவின் கயிறு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. என் கயிறு வண்டி டிக்கியில் பழைய பேட்டரியோடு ஒரு வாரம் கிடந்தது. வெளியே ஒரு கறைகூட இல்லை, ஆனாலும் ஆசிட் பட்ட நைலான் கண்ணுக்குத் தெரியாமல் பலமிழந்துவிடும். இப்போது அதில் வீட்டில் துணி காய்கிறது.

அப்புறம் காரபினர், அதாவது கயிற்றை மாட்டும், திறந்து மூடும் வாயுள்ள உலோகக் கொக்கி. அதில் பொறித்திருக்கும் எண்கள் அது எவ்வளவு விசை தாங்கும் என்பதன் கிலோநியூட்டன் கணக்கு. நீளவாக்கில் 20 தாங்குவது, குறுக்கே திரும்பினாலோ வாய் திறந்திருந்தாலோ பலவற்றில் 7, 8 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பூட்டைத் திருகியபின் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், கயிற்றில் போட்ட 8 வடிவ முடிச்சைப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுங்கள், பத்து வருட அனுபவசாலியும் காட்ட வேண்டும்.

பைக் ஹெல்மெட் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வருகிறவர்கள் சனி மதியத்துக்குள் பெயர் போடுங்கள்.